ஈயம் ஈன்ற நீலம்

நிலத்தின் வயிற்றில் விளையும் பொருள்கள் எல்லாம் ஒரே காலத்தில், ஒரே முறையில் விளைந்தவை அல்ல. அவற்றுட் சில, பூமியின் ஆழத்தில் வெந்நீரோட்டங்களினின்றும் பாறைக் குழம்பினின்றும் பிறந்தவை. வேறு சில, அங்ஙனம் பிறந்தவை காற்றாலும் மழைநீராலும் சிதைவுற்ற இடத்தில், அச்சிதைவையே தாயாகக் கொண்டு தோன்றியவை. தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்தனர். முதல்நூலைத் தழுவி, அதன் பொருளோடு தன் கருத்தும் கலந்து பின்னே எழுவது வழிநூல். கனிமங்களிடத்தும் இத்தகைய பகுப்பு உண்டு. ஆழத்திற் பிறந்தவை முதல்நிலைக் கனிமங்கள். அவை சிதைந்து, அவற்றின் பொருளைக் கொண்டே பிற்காலத்தில் உருவானவை வழிநிலைக் கனிமங்கள். வழிநூல் முதல்நூலினும் சிறந்து விளங்குதல் சிலபோது உண்டு. அதுபோலவே, கரிய தாதுக்களின் அழிவிலிருந்து கண்ணைக் கவரும் நீலமாய்த் தோன்றும் வழிநிலைக் கனிமம் ஒன்று உண்டு. அதன் பெயர் லினாரைட்டு.

இக்கனிமத்தின் பிறப்பை அறிய வேண்டுமாயின், முதலில் அதன் பெற்றோரை அறிதல் வேண்டும். ஈயம் ஆழ்நிலத்தில் பெரும்பாலும் கந்தகத்தோடு கூடியே காணப்படும். ஈயமும் கந்தகமும் கூடிய தாதுவைக் கலீனா என்பர். அது சாம்பல் நிறமும் உலோக ஒளியும் உடையது. உடைத்தால் சிறு சிறு கனசதுரங்களாகப் பிளப்பது. கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிக் கனப்பது. நூறு பங்கு கலீனாவில் 86.6 பங்கு ஈயமே ஆகும். செம்பும் இரும்பும் கந்தகமும் கூடிய தாது சால்கோபைரைட்டு எனப்படும். அது பித்தளையின் நிறத்தை ஒத்தது. தூய நிலையில் நூற்றுக்கு 34.6 பங்கு செம்பு உடையது. இவ்விரண்டு தாதுக்களும் ஒரே பாறைப் பிளவில் அடுத்தடுத்துப் படிந்திருத்தல் பல நாட்டுச் சுரங்கங்களிற் காணப்படும் செய்தியாகும். கலீனாவில் நீலம் இல்லை. சால்கோபைரைட்டிலும் நீலம் இல்லை. எனினும் லினாரைட்டின் நீலத்துக்கு மூலமாவன இவையே.

தாதுப்படிவின் மேற்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமாயின், மழைநீர் பிளவுகளின் வழியே அதனுள் இறங்குகின்றது. அந்நீர் வெறுங்கையோடு வருவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவையும் கரியமிலவாயுவையும் தன்னுட் கரைத்துக்கொண்டு வருகின்றது. பிராணவாயு, தாதுக்களிலுள்ள கந்தகத்தைத் தாக்கிச் சல்பேட்டாக மாற்றுகின்றது. சால்கோபைரைட்டு சிதைந்து, செம்பு நீரிற் கரைந்து நடக்கத் தொடங்குகின்றது. அதனோடிருந்த இரும்பு, துருவாகிப் பாறையிற் செம்மண் நிறத்தில் தங்கிவிடுகின்றது. நீரும் சிறிது புளிப்பேறி அமிலத்தன்மை அடைகின்றது. ஈயமோ செம்பைப் போல எளிதிற் கரைந்து செல்லும் இயல்பினது அன்று. அது தன் இருப்பிடத்தை விட்டுப் பெரும்பாலும் அகலாமல், சல்பேட்டோடு கூடி ஆங்கிலிசைட்டு என்னும் வெண்ணிறக் கனிமமாகவும், கரியமிலவாயுவின் வழி வந்த கார்பனேட்டோடு கூடிச் செருசைட்டு என்னும் மற்றொரு வெண்ணிறக் கனிமமாகவும் மாறி நிற்கின்றது.

இந்நிலையில், நடந்து வரும் செம்பும் நின்ற இடத்திலேயே நிற்கும் ஈயமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் சில உண்டு. அங்கே சல்பேட்டு போதிய அளவில் இருத்தல் வேண்டும். கார்பனேட்டு மிகுதியாக இருத்தல் கூடாது. நீரின் புளிப்பு மிகாமலும் முற்றும் குறையாமலும் அளவோடு நிற்றல் வேண்டும். இவை எல்லாம் ஒருங்கே பொருந்தினால், ஈயம், செம்பு, சல்பேட்டு, நீரின் கூறாகிய ஹைட்ராக்சில் ஆகிய நான்கும் ஒரே ஒழுங்கிற் பிணைந்து, பாறைப் பொந்துகளின் சுவரில் நீலப் படிகங்களாக வளர்கின்றன. அவையே லினாரைட்டு. அதன் நூறு பங்கில் ஏறத்தாழ 51.7 பங்கு ஈயம், 15.9 பங்கு செம்பு. 8 பங்கு கந்தகம். எஞ்சியது பிராணவாயுவும் மிகச் சிறிதளவு ஹைட்ரஜனும் ஆகும்.

லினாரைட்டின் நிறம் ஆழ்ந்த நீலம். தெளிந்த வானத்தின் நீலத்தினும் அழுத்தமானது; மெல்லிய படிகத்தின் ஊடே ஒளியைச் செலுத்திப் பார்த்தால் ஒருபுறம் வெளிறிய நீலமாகவும், படிகத்தைத் திருப்பிப் பார்த்தால் கருநீலமாகவும் தோன்றுவது. அதன் மேற்பரப்பில் கண்ணாடி போன்ற ஒளியோ, அதனினும் மிக்கு வைரத்தின் ஒளியை ஒருவாறு நினைவூட்டும் பளபளப்போ காணப்படும். படிகங்கள் பெரும்பாலும் நீண்டு மெலிந்தவை. பல ஒன்றுகூடிக் கற்றையாகவும் பரவிய மேற்பூச்சாகவும் அமைதல் உண்டு. அவை ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தவை. ஒரு தளத்தில் மட்டும் செவ்வையாகப் பிளக்கும் இயல்பின. வெண்பீங்கானில் உரைத்தால் வெளிறிய நீலக் கோடு விழும்.

இந்த நீலத்துக்குக் காரணம் செம்பே. செம்பின் அயனிகள் வெண்ணொளியில் உள்ள சிவப்பு முதலிய நிறங்களைத் தம்முள் வாங்கிக்கொண்டு, நீலத்தை மட்டும் வெளியே விடுகின்றன. ஈயத்தின் சேர்மங்களுட் பல நிறமற்றவை. ஆதலின் அவை லினாரைட்டுக்கு நிறம் தரவில்லை. ஆனால் வேறொன்றைத் தந்தன. அதுவே எடை. ஒரே பருமனுள்ள நீரைவிட லினாரைட்டு 5.3 மடங்கு கனமானது. நிறம் செம்பின் கொடை. கனம் ஈயத்தின் கொடை. கண்ணுக்குத் தெரிவது ஒருவர் கொடை. கைக்குத் தெரிவது மற்றவர் கொடை. இவ்வுண்மையை மறந்தவர் இக்கனிமத்தை அறிவதில் தவறுவர்.

தவறுதற்கு இடமும் உண்டு. அசுரைட்டு என்னும் பெயருடைய மற்றொரு நீலக் கனிமம் உலகிற் பரவலாகக் கிடைக்கின்றது. அது செம்பின் கார்பனேட்டு. ஈயம் அதன் உடலில் இல்லை. பழங்காலத்து ஓவியர் அதனைப் பொடித்து நீல வண்ணமாகப் பயன்படுத்தினர். அசுரைட்டும் லினாரைட்டும் அருகருகே வைக்கப்பட்டால், பழகிய கண்ணும் ஒருகணம் தயங்கும். நிறம் ஒன்று, ஒளி ஏறக்குறைய ஒன்று, இரண்டும் செம்புத் தாதுக்கள் சிதைந்த இடத்திலேயே காணப்படுவன. ஆதலின் லினாரைட்டைக் கண்டு அசுரைட்டு என்று மயங்கியவர் பலர்.

இம்மயக்கம் பெயரளவில் நின்றுவிடும் சிறு பிழை அன்று. ஒரு மலைச்சரிவில் நீலக் கறையைக் கண்ட ஒருவர், அதனை அசுரைட்டு என்று கொண்டால், அடியிற் செம்பு மட்டுமே உள்ளது என்று முடிவு செய்வர். அது லினாரைட்டாக இருக்குமாயின், அடியில் ஈயமும் உள்ளது என்னும் செய்தியை அவர் கைவிட்டவர் ஆவர். அன்றியும், ஈயம் உடலுக்கு நஞ்சு; சிறிது சிறிதாக உட்சென்று தங்கி, மூளையையும் நரம்பையும் குருதியையும் தாக்குவது; இளஞ்சிறாரிடத்து அதன் கொடுமை மிகுதி. பாதிக்குமேல் ஈயமான ஒரு கல்லை, ஈயமே இல்லாத கல் என்று எண்ணிக் கையாள்வோர் தம்மை அறியாமலே தீங்கை வரவேற்பவர் ஆவர். பெயரைச் சரியாக அறிதல் இங்கே உயிரோடு தொடர்புடைய செயலாகின்றது.

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லர் உரைகல்லை நாடுவர். கனிமங்களை ஆராய்வோரும் கண்ணை மட்டும் நம்பாமல் சில சோதனைகளை நாடுவர். அவற்றுள் முதலாவது கடினத்தைச் சோதித்தல். 1812ஆம் ஆண்டில் பிரீடிரிக் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மாக்கல்லுக்கு மூலமான டால்க்கு 1, வைரம் 10. அவ்வரிசையில் லினாரைட்டின் கடினம் 2.5, அசுரைட்டின் கடினமோ 3.5 முதல் 4 வரை. ஆகவே செப்புக் காசின் விளிம்பால் மெல்லக் கீறினால் லினாரைட்டில் கோடு விழும். அசுரைட்டில் எளிதில் விழாது.

இரண்டாவது, ஒப்படர்த்தியை அளத்தல். ஒரு கல்லை முதலிற் காற்றிலும் பின்னர் நீரில் மூழ்கவிட்டும் நிறுத்தல் வேண்டும். நீரில் அதன் எடை குறைந்து தோன்றும். அக்குறைவு, அக்கல்லின் பருமனுக்கு ஒத்த நீரின் எடையாகும். இது கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. காற்றில் 53 கிராம் நிற்கும் தூய லினாரைட்டு நீரில் ஏறத்தாழ 43 கிராமே நிற்கும். குறைந்தது 10 கிராம். 53ஐப் பத்தால் வகுக்க 5.3 கிடைக்கும். அசுரைட்டை இவ்வாறு அளந்தால் ஏறத்தாழ 3.8 என்றே விடை வரும். நிறத்தால் ஒன்றுபட்ட இரண்டும் தராசின் முன்னே வேறுபட்டு நிற்கும்.

மூன்றாவது சோதனை யாவற்றினும் தெளிவானது. மிகச் சிறிய துணுக்கின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விடல் வேண்டும். அசுரைட்டு ஆயின் நுரைத்துப் பொங்கும். அதிலுள்ள கார்பனேட்டு சிதைந்து கரியமிலவாயு குமிழிகளாக வெளிவருதலே அதற்குக் காரணம். லினாரைட்டு பொங்குவதில்லை. அதற்கு மாறாக, நீலப் பரப்பு சிறிது நேரத்தில் வெண்மையாகிவிடும். செம்பு அமிலத்திற் கரைந்து செல்ல, எளிதிற் கரையாத ஈய குளோரைடு வெண்படலமாக மேலே தங்கிவிடுகின்றது. உள்ளே மறைந்திருந்த ஈயம் அப்பொழுது தானே வெளிப்பட்டுத் தன்னை அறிவித்துக்கொள்கின்றது. பழைய ஆய்வாளர் வேறொரு முறையையும் கையாண்டனர். கரித்துண்டின்மேல் துணுக்கை வைத்து ஊதுகுழலாற் சுடரைச் செலுத்தினால், முதலில் அது எளிதில் உருகும். பின்னர் ஈயமணி ஒன்று திரண்டு நிற்கும். மூடிய கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால் நீராவி வெளிப்பட்டு, நீலநிறம் மறைந்துவிடும். இச்சோதனைகள் எல்லாம் ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்திலேயே செய்தற்குரியன. துகளை மூச்சில் ஏற்றலும், கல்லைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவு கொள்ளலும் அறவே விலக்கத் தக்கன.

லினாரைட்டு அரிதாகக் காணப்படுதற்குக் காரணங்கள் பல. ஈயமும் செம்பும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது முதற் காரணம். சுண்ணப்பாறை சூழ்ந்த இடங்களில், அப்பாறை நீரின் புளிப்பை மாற்றிவிடுதலால், அங்கே செருசைட்டும் அசுரைட்டும், பச்சைநிற மாலகைட்டும் தோன்றுமேயன்றி லினாரைட்டு தோன்றுதல் அரிது என்பது இரண்டாம் காரணம். தோன்றிய பின்னும் அது நிலைத்து நிற்கும் என்னும் உறுதி இல்லை என்பது மூன்றாம் காரணம். கார்பனேட்டு மிகுந்த நீர் பிற்காலத்தில் அவ்வழி வந்தால், லினாரைட்டின் செம்பும் சல்பேட்டும் வெளியேறி, ஈயம் மட்டும் செருசைட்டாக மாறி எஞ்சும். ஆயினும் படிகத்தின் புறவடிவம் பழையவாறே நிற்றல் உண்டு. சொற்களில் எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதை இலக்கணத்தார் போலி என்பர். இங்கே பொருள் மாறியும் வடிவம் மாறாமல் நிற்கின்றது. இதனைக் கனிம நூலார் பொய்யுரு என்பர். அத்தகைய பொய்யுருவைக் காண்போர், ஒருகாலத்தில் அங்கே லினாரைட்டு வாழ்ந்து மறைந்தது என்று அறிவர்.

இனி, இதன் பெயர்க்காரணத்தைக் காண்போம் எனின், இது இடுகுறிப் பெயர் அன்று. இடத்தாற் பெற்ற காரணப் பெயர். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய ஆண்டலூசியாவில், ஹாயென் மாகாணத்தில் லினாரஸ் என்னும் நகரம் உள்ளது. அதன் அருகே காஸ்டுலோ என்னும் பழைய நகரின் சிதைவுகள் உள்ளன. உரோமானியர் காலத்திலேயே அப்பகுதி வெள்ளிக்கும் ஈயத்துக்கும் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் நீராவிப் பொறிகள் வந்து சுரங்கநீரை இறைக்கத் தொடங்கியபின், லினாரஸ் உலகின் பெரிய ஈய உற்பத்தி இடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அந்நகரின் பெயரைக் கொண்டு 1839ஆம் ஆண்டில் எர்ன்ஸ்டு பிரீடிரிக் குளோக்கர் என்னும் ஜெர்மானியக் கனிம நூலார் இதற்கு லினாரைட்டு எனப் பெயரிட்டார்.

லினாரைட்டு என்னும் பெயரோடு ஒலியால் நெருங்கிய மற்றொரு பெயர் லனார்க்கைட்டு. அதுவும் ஈயத்தின் வழிநிலைக் கனிமமே. ஆயினும் அதிற் செம்பு இல்லை. ஆதலின் நீலமும் இல்லை. வெளிறிய பசுமையோ சாம்பலோ கலந்த வெண்மையே அதன் நிறம். ஸ்காத்லாந்து நாட்டின் லனார்க்குப் பகுதியே அப்பெயரைத் தந்தது. ஓரிரு எழுத்தின் வேறுபாடு பொருளை எத்துணைத் தொலைவுக்கு வேறாக்கும் என்பதற்கு இவ்விரு பெயர்களும் தக்க சான்றாகும்.

லனார்க்குப் பகுதியிலுள்ள லெட்ஹில்ஸ் என்னும் ஊரும், அதனை அடுத்துள்ள வான்லாக்ஹெட் என்னும் ஊரும் கனிம நூலார் போற்றும் இடங்கள். மரஞ்செடிகள் அருகிய குளிர்ந்த குன்றுகளின் நடுவே அவை உள்ளன. வான்லாக்ஹெட், கடல்மட்டத்துக்கு மேல் 460 மீட்டருக்கும் மிக்க உயரத்தில், ஸ்காத்லாந்தின் மிக உயர்ந்த சிற்றூராக விளங்குகின்றது. ஈயச் சுரங்கத் தொழிலே அவ்வூர்களின் வாழ்வாக இருந்தது. லினாரைட்டும் அங்கே கிடைத்தது. லனார்க்கைட்டு, லெட்ஹில்லைட்டு, கலிடோனைட்டு, சுசன்னைட்டு ஆகியவை உலகில் முதன்முதல் அறியப்பட்டது லெட்ஹில்ஸ் பகுதியிலேதான். சுரங்கத் தொழில் ஓய்ந்து நெடுங்காலம் கழிந்த பின்னும் அவ்விடத்தின் புதுமை ஓயவில்லை. 1984ஆம் ஆண்டில் ஸ்காத்லாண்டைட்டு, மக்பெர்சனைட்டு என்னும் இரு புதிய கனிமங்கள் அங்கிருந்து வந்த கற்களில் கண்டு விளக்கப்பட்டன. பழைய கழிவுக்கல்லிலும், பேணி வைத்த பழைய மாதிரியிலும் புதிய அறிவு காத்திருக்கக்கூடும் என்பதை அவை மெய்ப்பித்தன.

லெட்ஹில்ஸ் ஊருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சுரங்கத்தை மேற்பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்னும் கணித அறிஞர். அவர் காலத்தில், 1741ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளர் தம்முட் பொருள் திரட்டிப் படிப்பகம் ஒன்றை நிறுவினர். நிறுவியோருட் பெரும்பாலோர் மண்ணுக்கடியில் உழைத்தவரே. வான்லாக்ஹெட் தொழிலாளரும் 1756ஆம் ஆண்டில் அவ்வாறே ஒரு நூலகம் கண்டனர். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் அவ்வழி சென்றனர். வழியிற் கண்ட சிறுவர் சிலர், தாங்கள் பள்ளியில் இலத்தீன் கற்பதாகவும், தம்முட் சிலர் கிரேக்கமும் கற்பதாகவும் கூறியதை டாரதி தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். அச்சிறுவர் வான்லாக்ஹெட் ஊரினர். பகலெல்லாம் இருளில் ஈயம் அகழ்ந்தவர், எஞ்சிய பொழுதில் நூல்களின் ஒளியை நாடினர். கையில் அகப்பட்ட கரிய தாதுவை உருக்கிப் பொருள் ஈட்டியது அவர் தொழில்; மனத்தின் மாசை நீக்கி அறிவு ஈட்டியது அவர் வேட்கை. அவ்வூர் நூலகம் இன்றும் போற்றப்படுகின்றது. சுரங்கமோ 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஓய்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் கம்பர்லாந்து மலைப்பகுதியைச் சார்ந்த ரெட் கில் என்னும் பழைய சுரங்கமும், தென்மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியாவின் ட்சூமெப் சுரங்கமும் லினாரைட்டுக்குப் பெயர்பெற்றவை. ஆயினும் மிகச் சிறந்த படிகங்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில் கிடைத்தன. அங்கே டைகர் என்னும் இடத்திலிருந்த மாமத்–செயின்ட் அந்தோணி சுரங்கமும், கிராண்ட் ரீப் சுரங்கமும் அவற்றைத் தந்தன. பொதுவாகச் சில மில்லிமீட்டர் அளவே வளரும் இக்கனிமம், அங்கே பல சென்டிமீட்டர் நீளப் படிகமாகவும் வளர்ந்திருந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் பிளாஞ்சார்டு சுரங்கத்தில் இது புளோரைட்டு என்னும் கனிமத்தோடு சேர்ந்து காணப்படுகின்றது.

இத்துணை அழகிய கல்லுக்கு அங்காடியில் என்ன பயன் என்று வினவுவோர் இருக்கலாம். அணிகலனுக்கு இது பயன்படாது; நகக்கீறலுக்கு நிகரான மென்மையும் எளிதிற் பிளக்கும் இயல்பும் உடையதைப் பட்டை தீட்டிப் பதித்தல் இயலாது. தனித்த ஈயத் தாதுவாகவும் பயன்படாது. அளவு மிகச் சிறிது. சுரங்க உரிமையாளர் தேடியது கலீனாவையே. நீலப் படிகம் படர்ந்த கற்களைச் சில தொழிலாளரும் கனிமம் சேகரிப்போரும் ஒதுக்கி வைத்திராவிடின், அவையும் மற்றத் தாதுவோடு நசுக்கப்பட்டு உலையிற் சேர்ந்திருக்கும். விலை இல்லை என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருள் எறியத் தக்கது ஆகுமாயின், லினாரைட்டு உலகில் எஞ்சியிராது.

எஞ்சியதன் பயன் பிற்காலத்தில் விளங்கிற்று. இப்படிகத்தின் உள்ளமைப்பில் செப்பு அணுக்கள் சங்கிலி போல வரிசையாக அமைந்துள்ளன. அவை ஒவ்வொன்றும் நுண்ணிய காந்த ஊசியை ஒத்தது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஊசிகள் ஒரே திசையை நோக்க விழைகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாய் நிற்பவையோ எதிரெதிர்த் திசைகளை நோக்க விழைகின்றன. இவ்விரு விழைவும் ஒருங்கே நிறைவேறுதல் இயலாது. இவ்வாறு முரண்பட்ட நிலையில் அணுக்கள் எவ்வாறு நிற்கும் என்பது இயற்பியலாரின் நெடிய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் லினாரைட்டின் இயற்கைப் படிகங்களையே எடுத்து ஆராய்ந்தனர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ −270 பாகை செல்சியஸ் என்னும் கடுங்குளிரில், அந்த ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிது திரும்பிச் சுருள் போன்ற ஒழுங்கில் அமைகின்றன என்று காட்டிற்று. எதிர்ப்பட்ட இரு விழைவுகளுக்கும் இடையே அணுக்கள் கண்ட உடன்பாடு அது. எந்தச் சுரங்கத் தொழிலாளரும், எந்தச் சேகரிப்பாளரும் இப்பயனை எண்ணி இக்கல்லைப் பேணவில்லை. ஆயினும் அவர்கள் பேணாதிருந்திருப்பின், இவ்வாய்வுக்கு வேண்டிய படிகம் கிடைத்திராது.

பழைய ஈயச் சுரங்கங்கள் பல இன்று மூடப்பட்டுவிட்டன. அவற்றின் வாயில்கள் இடிந்தும் நீர் நிறைந்தும் கிடக்கின்றன. கழிவுக் குவியல்களில் இன்னும் மழை பெய்கின்றது. அங்கே எஞ்சிய கலீனாவும் சால்கோபைரைட்டும் இன்னும் சிதைகின்றன. ஆங்காங்கே மெல்லிய நீலப் பூச்சாக லினாரைட்டு இன்றும் புதிதாகத் தோன்றுதல் உண்டு. அதே மழைநீர் ஈயத்தையும் ஓடைகளில் சேர்த்துவிடுதலால், அக்குவியல்களைக் காத்தலும் நீரைத் தூய்மையாக வைத்தலும் அந்நாட்டார்க்கு நீங்காத கடமையாக நிற்கின்றன. அழகும் நஞ்சும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

நீலம் என்றவுடன் பெயரைச் சொல்லிவிடுவோர் கண்ணால் மட்டும் கற்றவர். கையில் ஏந்தி எடை பார்த்து, கீறிக் கடினம் கண்டு, துளி அமிலத்தால் உள்ளிருப்பை வெளிப்படுத்திப் பின்னரே பெயரைச் சொல்வோர் பொருளைக் கற்றவர். லினாரைட்டு, தன்னைக் காண்போரிடம் இச்சிறு பொறுமையைக் கேட்கின்றது. அப்பொறுமையைத் தந்தவர்க்கு, தன் நீலத்துக்குள் மறைத்து வைத்த ஈயத்தையும், ஈயத்துக்குப் பின்னே இருக்கும் மழையையும் காற்றையும் காலத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகின்றது.